காணவில்லை என்று மதிலில் ஒட்டிய பிள்ளைகளுக்கு

அன்புள்ள தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்,

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை தோறும் கிளிநொச்சியில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுகிறீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். உங்கள் வட்டத்தின் பெயரை எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் தேடிப்பிடித்து வந்து உங்களை ஏசிவிட்டுப் போவதில் எனக்கு விருப்பமில்லை. ஏசுவதென்றால் நானே ஏசிக்கொள்கிறேன். நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். மூன்றாவது வரிசையில் சுவரோரமாக, நுளம்புத்திரியைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இரசாயனவியல் ரீச்சர். உங்களில் இரண்டு பேருக்கு ஆவர்த்தன அட்டவணை படிப்பித்தவள். அதில் ஒருவர் இன்றைக்கும் சோடியத்துக்கும் பொற்றாசியத்துக்கும் குறியீட்டை மாற்றித்தான் எழுதுவார் என்பது என் துணிபு.

உங்கள் திரையிடல் எதையும் நான் தவறவிட்டதில்லை. தகரக் கூரையில் மழை கொட்ட, ஒரு வசனம்கூடக் காதில் விழாமல் ஓர் ஈரானியப் படத்தை முழுதாகப் பார்த்திருக்கிறேன். மின்சாரம் போய், ஜெனரேற்றருக்கு எண்ணெய் வாங்கப் போனவர் முக்கால் மணி நேரம் திரும்பாதிருந்தபோதும் எழுந்து போகாத நான்கு பேரில் நானும் ஒருத்தி. ஆகவே இதைப் பகையாளி எழுதிய கடிதமாக எடுக்க வேண்டாம்.

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் பாடசாலை விட்டு வரும் வழியில், ஏ9 வீதியில், கந்தசுவாமி கோவிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு மதிலில் உங்கள் சுவரொட்டியைக் கண்டேன். சிவப்பில், ஒரு முழ உயர எழுத்தில் 'காணவில்லை'. அதற்குக் கீழே கறுப்பு வெள்ளையில் ஒரு பெண்ணின் முகம். வயது, உயரம், கடைசியாகக் கண்ட இடம்: எரிபொருள் நிரப்பு நிலையம். எல்லாவற்றுக்கும் அடியில், மூக்கு மதிலில் முட்டும் அளவுக்குக் கிட்டப் போனால்தான் வாசிக்கக்கூடிய எழுத்தில், படத்தின் பெயர், மண்டபம், ஓகஸ்ட் 30, மாலை 6.30, அனுமதி இலவசம்.

கெட்டிக்காரத்தனமான வேலை, ஒத்துக்கொள்கிறேன். கொழும்பில் எங்காவது இதைக் கண்டிருந்தால் கைப்பேசியில் படம் பிடித்திருப்பேன்.

ஆனால் அந்த மதிலுக்கு முன்னால் எனக்கு முதலே ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். அவருடைய இளைய மகள் என்னிடம் படித்தவள். மூத்த மகனை 2009 மே மாதம் போர் முடிந்த நேரம், வட்டுவாகலில் படையினரிடம் தன் கையால் ஒப்படைத்தவர். 2017 பெப்ரவரி 20 இல் அந்தக் கோவில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டம் தொடங்கிய நாள் முதல் போய் வருகிறவர். அவருக்குக் கிட்டப் பார்வை குறைவு. முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். சுவரொட்டியின் கீழ் மூலை ஒன்று பசை காயாமல் உரிந்து காற்றில் ஆடியது. அவர் குனிந்து, பெருவிரலால் அதை மதிலோடு சேர்த்து அழுத்தினார். ஒருமுறை அழுத்தினார், அது திரும்பவும் உரிந்தது. இரண்டாம் முறை உள்ளங்கையை வைத்து, ஒட்டும் வரைக்கும் எடுக்காமல் நின்றார். பிறகு என்னைக் கண்டு கேட்டார்: "இந்தப் பிள்ளையை எந்த ஊரில் பறிகொடுத்தார்கள், ரீச்சர்?"

இது படத்துக்கான விளம்பரம் அம்மா, வெள்ளைக்காரப் படம், அவள் நடிகை என்று சொன்னேன். அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. கையில் இருந்த பசையைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். "படமென்றால் பரவாயில்லை. கடைசியில் கிடைத்துவிடுவாள்" என்றார்.

சுவரொட்டி பற்றி இவ்வளவுதான் சொல்ல இருக்கிறது. கோவிலடியில் இருந்து கந்தையா மில் பக்கம் என்றோ கரடிப்போக்கு என்றோ பார்க்காமல், ஒட்டிய அத்தனையையும் இந்தக் கிழமைக்குள் எடுத்துவிடுங்கள். எதற்கு என்று நான் விளக்க வேண்டிய பிள்ளைகள் அல்ல நீங்கள். வயதும் அவசரமும் சேர்ந்து செய்த வேலை. எனக்கு உங்களோடு உள்ள பெரிய வழக்கு வேறு. அது படத்தைப் பற்றியது.

நீங்கள் காட்டப்போவது 1993 இல் ஹொலிவூட்டில் எடுத்த 'தி வானிஷிங்'. உங்கள் அறிவித்தலில், ஐரோப்பாவில் எடுத்த பழைய படத்தை அதே இயக்குநரே மெருகேற்றி எடுத்த பதிப்பு என்றும், பழையதன் முடிவு எங்கள் மக்களுக்குத் தாங்காது, இதில் முடிவு ஆறுதலானது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த வசனத்தை எழுதியவர் இரண்டு படங்களையும் பார்த்தவர்தானா என்று எனக்குச் சந்தேகம். பார்த்தவராக இருந்தால் இன்னும் மோசம்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முடிவையும் சொல்லத்தான் போகிறேன். பழைய படம் வந்து 35 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது, கோபிக்காதீர்கள். டச்சு எழுத்தாளர் டிம் கிராபே 1984 இல் 'தங்க முட்டை' என்ற பெயரில் ஒரு குறுநாவல் எழுதினார். அதை ஜோர்ஜ் ஸ்லாய்சர் 1988 இல் 'ஸ்பூர்லோஸ்' என்று படமாக எடுத்தார். சுவடில்லாமல் என்று பொருள். ரெக்ஸ், சாஸ்கியா என்று ஒரு டச்சுச் சோடி காரில் பிரான்ஸுக்கு விடுமுறை போகிறது. நீண்ட சுரங்கப்பாதைக்குள் பெற்றோல் தீர்ந்து கார் நின்றுவிடுகிறது. அவள் இருட்டில் பயந்து கத்த, அவன் அவளை அங்கேயே விட்டுவிட்டுக் கொள்கலனைத் தூக்கிக்கொண்டு பெற்றோல் வாங்கப் போகிறான்.

இந்த இடத்தில் வேறு ஊர்க்காரர் என்ன நினைப்பார்களோ தெரியாது. பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் வளர்ந்த எனக்கு அந்தக் காட்சி வயிற்றில் விழுந்தது. மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் சைக்கிளை உயிர்ப்பிக்க, ஊசிமருந்துக் குழாயில் நாலு சொட்டுப் பெற்றோலைப் பொத்திப் பொத்தி வைத்திருந்த சனம் நாங்கள். நடு வழியில் எண்ணெய் தீர்வது என்றால் என்ன, அந்த நேரத்தில் யாரை விட்டுவிட்டு யார் நடப்பது என்பதெல்லாம் எங்களுக்கு யாரும் படம் போட்டு விளக்கத் தேவையில்லை.

பிறகு இருவரும் சமாதானமாகிவிடுகிறார்கள். நெடுஞ்சாலையோரத் தரிப்பிடம் ஒன்றில் காரை நிறுத்தி, ஒரு மரத்தடியில் விளையாட்டாக இரண்டு நாணயங்களைப் புதைக்கிறார்கள். இனி உன்னை விட்டுப் போகமாட்டேன் என்று அவன் சொல்கிறான். அவள் குடிக்க ஏதாவது வாங்கி வருகிறேன் என்று கடைக்குள் போகிறாள். அவ்வளவுதான். பட்டப்பகல், நூற்றுக்கணக்கான சனம், பிள்ளைகள், பந்து விளையாட்டு. அவள் திரும்பி வரவில்லை. சாஸ்கியாவாக நடித்த ஜொஹன்னா தெர் ஸ்டேகேக்கு அதுவே முதல் பெரிய படம். கொஞ்ச நேரம்தான் திரையில் இருப்பார், அதற்கே ஐரோப்பியத் திரைப்பட விருது கிடைத்தது. அவர் போன பிறகு படம் முழுவதும் அவர் இல்லாத இடம் தெரிந்துகொண்டே இருக்கும்.

இனித்தான் முக்கியமான விடயம். சாதாரண மர்மப் படம் என்றால் கடத்தியவன் யார் என்பதைக் கடைசிவரை ஒளித்துவைக்கும். ஸ்லாய்சர் அப்படிச் செய்யவில்லை. அரை மணி நேரத்துக்குள்ளேயே ஆளைக் காட்டிவிடுகிறார். ரேமொன்ட் லெமோர்ன். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் உள்ள மரியாதையான குடும்பத்தலைவன். தொழில், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, இரசாயன ஆசிரியன். மயக்கமருந்தைத் தன் மீதே பரீட்சித்து, எத்தனை நிமிடம் மயங்கிக் கிடக்கிறேன் என்று குறித்துக்கொள்கிறான். கார்க் கதவைத் திறப்பதையும் கைக்குட்டையைப் பொத்துவதையும் தனியாக ஒத்திகை பார்த்து, நாடித்துடிப்பை எண்ணி எழுதுகிறான். ஒருமுறை தும்மல் வந்து, அதே கைக்குட்டையைத் தன் மூக்கில் வைத்துக்கொள்கிறான். (குளோரோபோம் சினிமாவில் வேலை செய்யும் வேகத்தில் உண்மையில் வேலை செய்யாது, நிமிடக்கணக்கில் பிடிக்கும். ஆசிரியை என்ற முறையில் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) தோட்ட வீட்டில் குடும்பமே சேர்ந்து விளையாட்டாக வீரிட்டுக் கத்திப் பார்க்கிறது, பிறகு அயலவரிடம் ஏதாவது சத்தம் கேட்டதா என்று சும்மா விசாரிப்பது போல விசாரிக்கிறான்.

ஆக, யார் என்பது எங்களுக்குத் தெரியும். எங்கே, எப்போது என்பதும் தெரியும். தெரியாதது ஒன்றுதான்: அவளை என்ன செய்தான்? படம் முழுதும் அந்த ஒற்றைக் கேள்வியில் தொங்குகிறது. மேசைக்கு அடியில் குண்டு இருப்பது பார்ப்பவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அதுதான் சஸ்பென்ஸ் என்று ஹிட்ச்கொக் விளக்கினாரே, ஸ்லாய்சர் அதையும் ஒரு படி தாண்டிப் போகிறார்.

இதை உலகத்தில் வேறு எந்த ஊர்ச் சனத்தையும் விட எங்கள் சனம் இலகுவாக விளங்கிக்கொள்ளும் என்று நான் சொன்னால் உங்களுக்குப் புரியாதா? கோவிலடியில் இருக்கும் தாய்மாரிடம் போய்க் கேளுங்கள். திகதி சொல்வார்கள். வட்டுவாகல் பாலத்தின் எந்தப் பக்கம் என்று சொல்வார்கள். ஏற்றிய பஸ்ஸின் நிறம் சொல்வார்கள். படையினரிடம் கையளித்தோம் என்று வாய் நடுங்காமல் சொல்வார்கள். அதற்கு முந்திய மாதங்களில் புலிகள் இயக்கம் பிடித்துக்கொண்டு போய், பிறகு ஒரு தகவலும் வராத பிள்ளையின் தாயும் அங்கே இருக்கிறார். அவரும் யார், எப்போது என்று சொல்வார். என்ன நடந்தது என்பதைத்தான் ஒருவரும் சொல்கிறார்கள் இல்லை.

ரெக்ஸ் மூன்று வருடம் தேடுகிறான். சுவரொட்டி ஒட்டுகிறான், உங்களைப் போல விளையாட்டுக்கு அல்ல. கடத்தியவன் அவனுக்கு அஞ்சலட்டை போட்டு, இன்ன கடைக்கு வா என்று கூப்பிட்டுவிட்டு, வராமல் தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். உங்கள் மகன் உயிரோடு இருக்கிறான், இன்ன முகாமில் கண்டேன், இவ்வளவு காசு போடுங்கள் என்று எத்தனை தாய்மாருக்கு இங்கே தொலைபேசி வந்திருக்கிறது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

கடைசியில் லெமோர்ன் தானாகவே ரெக்ஸின் வீடு தேடி வருகிறான். நான்தான் என்கிறான். பொலிசுக்குப் போ, உன்னிடம் ஆதாரம் இல்லை. அவளுக்கு என்ன நடந்தது என்று அறிய வேண்டுமென்றால் என்னோடு வா என்கிறான். பிரான்ஸுக்கு, அதே தரிப்பிடத்துக்குக் கொண்டு போகிறான். தூக்கமருந்து கலந்த கோப்பியை ஒரு கோப்பையில் ஊற்றி நீட்டுகிறான். அவளுக்கு நடந்தது அதேபடி உனக்கும் நடந்தால்தான் அறிவாய். வேறு வழியில் சொல்லமாட்டேன் என்கிறான். ரெக்ஸ் பைத்தியம் பிடித்தவன் போல அங்குமிங்கும் ஓடுகிறான். அந்த மரத்தடியைக் கிண்டிப் பார்க்கிறான். இரண்டு நாணயங்களும் அங்கேயே இருக்கின்றன.

அந்தச் செவ்வாய்க்கிழமை, மதிலடியில் இருந்து எதிர்ப்பக்கத் தேநீர்க் கடைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், ஆளுக்கொரு பிளேன்ரீ வாங்கி வைத்துக்கொண்டு, பழைய படத்தின் கதையை அவருக்குச் சொன்னேன். கடைசியில் கிடைத்துவிடுவாள் என்று அவர் சொன்னது எனக்குள் உறுத்திக்கொண்டிருந்தது. நாணயம் வரைக்கும் சொல்லிவிட்டேன். கோப்பையை நீட்டுகிறான் என்ற இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. ஏன் இவருக்குப் போய் இதைச் சொல்கிறேன் என்று நிறுத்திவிட்டேன்.

"குடித்திருப்பான்" என்றார் அம்மா.

ஆச்சரியமோ துக்கமோ அந்தக் குரலில் இல்லை. உலை கொதித்தால் அரிசி போடுவார்கள் என்று சொல்வது போலச் சொன்னார். பிறகு தன் தேநீரைக் குடித்தார்.

அவன் குடிக்கத்தான் செய்கிறான். விழித்துப் பார்த்தால் இருட்டு. லைட்டரைப் பற்றவைத்தால் முகத்துக்கு நேரே பலகை. உயிரோடு புதைத்துவிட்டான். மேலே, தோட்டத்தில், லெமோர்ன் குடும்பத்தோடு இருக்கிறான். படம் முடிந்துவிட்டது. இந்த முடிவைத்தான் எங்கள் மக்களுக்குத் தாங்காது என்று நீங்கள் தீர்மானித்திருக்கிறீர்கள்.

2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்கக் கிண்டியபோது மனித எச்சங்கள் வெளிவந்ததே. குழியில் இருந்து எடுத்த துணியின் நிறத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஓடிப்போனவர்கள் இதே மக்கள்தான். இவர்களுக்கு எது தாங்கும், எது தாங்காது என்று யாரைக் கேட்டு முடிவு செய்தீர்கள்?

இனி உங்கள் ஆறுதலான பதிப்புக்கு வருகிறேன். 1993 இல் அதே ஸ்லாய்சரை அமெரிக்காவுக்குக் கூப்பிட்டு, பெரிய நட்சத்திரங்களைக் கொடுத்து எடுக்க வைத்தார்கள். கடத்துபவனாக ஜெஃப் பிரிட்ஜஸ், தேடுபவனாகக் கீஃபர் சதர்லாண்ட், தொலைந்தவளாக அப்போது அவ்வளவு பிரபலமாகாத சாண்ட்ரா புல்லக். அதிலும் கோப்பி வருகிறது, அதிலும் புதைக்கிறான். ஆனால் தேடுபவனின் புதிய காதலி தேடி வந்துவிடுகிறாள். சண்டை, மண்வெட்டி, வில்லன் சாகிறான். கடைசிக் காட்சியில் இருவரும் தங்கள் கதையைப் புத்தகமாகப் போடப் பதிப்பகத்தாரோடு உட்கார்ந்திருக்கிறார்கள். கோப்பி வேண்டுமா என்று கேட்கப்படுகிறது. இருவரும் வேண்டாம் என்கிறார்கள். பார்ப்பவர்கள் சிரிக்க வேண்டும்.

நன்றாகக் கவனியுங்கள். அந்தப் படத்திலும் தொலைந்தவள் திரும்பி வரவில்லை. அவளும் அதே மண்ணுக்குள் அதே விதமாகச் செத்துப்போனவள்தான். தேடினவனின் கதியை மட்டும்தான் மாற்றியிருக்கிறார்கள். அவனுக்குப் புது வாழ்க்கை, புது மனுசி, புத்தகத்துக்குக் காசு. அதைத்தான் நல்ல முடிவு என்கிறோம். படம் முடியும்போது அவளைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. கோப்பிப் பகிடிக்குச் சிரித்துக்கொண்டு எழும்புகிறோம்.

இந்த முடிவை எங்கள் தாய்மாருக்கு ஏற்கெனவே பலர் கொண்டுவந்து நீட்டிவிட்டார்கள். மரணச் சான்றிதழை வாங்குங்கள் என்றார்கள். 2022 இல் குடும்பத்துக்கு ஒரு இலட்சம் ரூபாய் என்றார்கள். இளைய பிள்ளைகளைப் பாருங்கள், எத்தனை நாளைக்கு இப்படி வெயிலில் இருப்பீர்கள் என்று உறவுக்காரரே சொல்கிறார்கள். நானும் ஒருமுறை அந்த அம்மாவிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அவர் பதில் சொல்லவில்லை. பந்தலில் தொங்கிய மகனின் படத்தை வெயில் படாத பக்கம் திருப்பி மாட்டினார். லமினேற் பண்ணிய படம்தான், என்றாலும் கிழக்குப் பக்கம் தொங்கியவற்றில் முகமெல்லாம் நீலமாக வெளிறிவிட்டது.

ஒரு படத்தை அதே இயக்குநர் திரும்ப எடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஹிட்ச்கொக் 1934 இல் எடுத்த 'தி மேன் ஹூ நியூ டூ மச்' படத்தை 1956 இல் தானே திரும்ப எடுத்தார். முதலாவதைத் திறமையுள்ள கற்றுக்குட்டியின் வேலை என்றும் இரண்டாவதைத் தொழில் தெரிந்தவனின் வேலை என்றும் பின்னாளில் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் சொன்னார். எனக்கென்னவோ 75 நிமிடத்தில் பறக்கும் முதலாவதுதான் பிடிக்கும். ஆனால் இரண்டாவதில் ஓர் இடம் இருக்கிறது, அதற்காக மற்ற எல்லாவற்றையும் மன்னிப்பேன். கடத்தப்பட்ட மகன் தூதரகத்தின் மேல்மாடியில் எங்கோ ஓர் அறையில் அடைபட்டிருக்கிறான். தாய் ஒரு காலத்தில் பாடகி. கீழே விருந்தினர் முன்னால் பியானோவில் உட்கார்ந்து, மகனுக்குத் தெரிந்த பாட்டை அந்தச் சபைக்குப் பொருந்தாத சத்தத்தில் பாடுகிறாள். மேலே இருந்து சீட்டி அடிக்கும் சத்தம் கேட்கிறது. 1934 படத்தில் தாய் துப்பாக்கி சுடுவதில் வல்லவள். அதை இங்கே விரிக்காமல் விடுகிறேன். 22 ஆண்டுகள் கழித்துத் திரும்ப எடுத்தபோது ஹிட்ச்கொக் அந்தத் தாயின் கையில் இருந்த துப்பாக்கியை எடுத்துவிட்டுக் குரலைக் கொடுத்தார். திரும்பச் சொல்வதற்கு அவரிடம் காரணம் இருந்தது. மைக்கேல் ஹனேக்கே தன் 'ஃபன்னி கேம்ஸ்' படத்தை 1997 இல் ஒருமுறையும் 2007 இல் ஆங்கிலத்தில் ஒருமுறையும், காட்சிக்குக் காட்சி அச்சு மாறாமல் எடுத்தார். எனக்கு அந்தப் படம் பிடிக்காது. ஆனால் மொழி மாறினால் முடிவும் மாறவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை.

அதே கதையை அதே ஆள் திரும்பச் சொல்வது பற்றி எங்கள் தாய்மாருக்குத் தெரியாததையா ஹொலிவூட் சொல்லித்தரப் போகிறது? 2010 இல் நல்லிணக்க ஆணைக்குழுவுக்குச் சொன்னார்கள். 2013 இல் நியமித்த ஆணைக்குழுவுக்குச் சொன்னார்கள். 2016 இல் சட்டம் வந்து, 2018 இல் காணாமற்போனோர் அலுவலகம் இயங்கத் தொடங்கியபோது, நம்பிக்கை இல்லாமலும் சிலர் போய்ச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் எதிரே இருந்தவர் வேறு, மேசை வேறு, படிவம் வேறு. சுருக்கிச் சொல்லுங்கள் அம்மா, ஆடு தந்தால் வளர்ப்பீர்களா அம்மா, கோழி தந்தால் போதுமா என்ற பேச்சும் கேட்டார்கள். அப்படியிருந்தும் கதையின் முடிவை ஒருவரும் மாற்றிச் சொல்லவில்லை. ஸ்லாய்சருக்கு அந்த உறுதி இருக்கவில்லை. அவரைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. படம் எடுப்பது என்றால் அடுத்தவன் காசு. 2014 இல் மனிதர் காலமாகிவிட்டார். அவர் எடுத்த நல்ல படம் இருக்கிறது, அதைக் காட்டுங்கள்.

பழையது டச்சும் பிரெஞ்சும் கலந்த படம், யாருக்கு விளங்கும் என்று கேட்பீர்கள். பிரெஞ்சு கூடிவிட்டது என்று சொல்லித்தான் நெதர்லாந்தின் சார்பில் ஒஸ்காருக்கு அனுப்பியபோதும் அதை ஏற்கவில்லை. போட்டியில் இருந்து ஒதுக்கப்பட்ட படம் அது. மொழியைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். ஆங்கில உபதலைப்பை வைத்துக்கொண்டு தமிழ் உபதலைப்பு நான் எழுதத் தொடங்கிவிட்டேன். முக்கால்வாசி முடிந்தது. முதல் நாளே ஒரு சொல்லில் தடுக்கி விழுந்தேன். ரெக்ஸ் தரிப்பிடக் கடைக்காரியிடம் போய், என்னோடு வந்த பெண்ணைக் காணவில்லை என்கிறான். அந்த இடத்தில் 'காணவில்லை' சரி. அவனுக்கு அப்போது அவ்வளவுதான் தெரியும். மூன்று வருடம் கழித்து, தொலைக்காட்சியில் தோன்றி, அவளைக் கொண்டு போனவனைப் பார்த்தே பேசுகிறான். அங்கே 'காணாமற்போன பெண்' என்று எழுதக் கை வரவில்லை. தானாகத் தொலைந்தவள் போல அல்லவா அது இருக்கிறது? கிணற்றடியில் தொலைந்த தோடா? தாய்மார் எத்தனை வருடம் சண்டை பிடித்து, 'காணாமற்போனோர்' என்று எழுதிய பத்திரிகைகளை எல்லாம் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று எழுத வைத்தார்கள். ஒரு வினைச்சொல்லைத் தன்வினையில் இருந்து பிறவினைக்கு, அதிலும் செயப்பாட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்ததற்குப் பின்னால் எத்தனை நாள் வெயில் இருக்கிறது. கடைசியில், அந்த இடத்தில் 'ஆக்கப்பட்ட' என்றே போட்டுவிட்டேன். திரையில் ஒரு வரி கூடப் போகும். வாசிக்க நேரம் காணாது என்று உங்கள் தொழில்நுட்பத் தம்பி முறைப்பார். முறைக்கட்டும்.

அப்படிப் பார்த்தால் உங்கள் மதில் எழுத்திலும் பிழை இருக்கிறது, ஆனால் அதை எடுக்கத்தானே போகிறீர்கள்.

திகதியையும் மாற்றுங்கள். ஓகஸ்ட் 30 என்ன நாள் என்று உங்களில் ஒருவருமா நாட்காட்டியைப் பார்க்கவில்லை? வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோருக்கான சர்வதேச தினம். அன்றைக்குத் தாய்மார் பேரணியில் நடந்துவிட்டு வருவார்கள். காலில் கொப்புளத்தோடு படம் பார்க்க யாரால் முடியும்? செப்டெம்பர் முதல் சனிக்கிழமை வைத்தால் போதும். மண்டபத்துக்கு வாடகை கூடக் கேட்டால் அந்த வித்தியாசத்தை நான் தருகிறேன். இரண்டு படத்தையும் அடுத்தடுத்த நாட்களில் போட்டு ஒப்பிடலாம் என்று உங்களில் யாராவது யோசித்தால் எனக்கு மறுப்பில்லை, பழையது முதலில் போகவேண்டும். வந்தவர்கள் அடுத்த நாளும் வருவார்களா என்று பார்ப்போம்.

உபதலைப்புக் கோப்பு வெள்ளிக்கிழமை தயாராகிவிடும். பென்டிரைவைக் கொண்டு யாராவது நாலு மணிக்குப் பிறகு வீட்டுக்கு வாருங்கள். நாய் குரைக்கும், கடிக்காது. ஜெனரேற்றருக்கு எண்ணெயைப் படம் தொடங்க முதலே வாங்கி வையுங்கள். அந்த அம்மாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு முழங்கால் நோ, கைப்பிடி இல்லாத கதிரையில் இருந்து எழும்ப முடியாது. கைப்பிடி உள்ளதாகப் பார்த்து ஒன்றை வாசலுக்குக் கிட்டப் போட்டு வையுங்கள், ஆனால் துணியின் எழுத்துத் தெரியும் தூரத்தில். உபதலைப்பை நான் பக்கத்தில் இருந்து வாசித்துச் சொல்வேன். முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்து உஷ் என்றால் அவர்களை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும்.

அன்புடன்,
மூன்றாவது வரிசை ரீச்சர்